மருந்தடி மெஷினுக்கு லித்தியம் பேட்டரி பேக்: வீட்டில் கட்டவும் பழுது பார்க்கவும் முழுமையான வழிகாட்டி

முதுகில் சுமக்கும் பேட்டரி ஸ்பிரேயர்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஏ.எச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கும். மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்துவிட்டு, வாழைக்கு மருந்தடிக்க எடுக்கும்போது அது அரை டேங்க்கூட இறைக்காது. அந்த இடத்தில் நான்கு லித்தியம் செல்களை வைத்து ஒரு பேக் கட்டுவது எப்படி, கட்டியது பின்னாளில் மக்கர் செய்தால் எங்கே தேடுவது என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதே பேக் கரண்டு போனால் வீட்டு விளக்குக்கும் உதவும்.

புதிதாகச் செய்கிறவர்கள் செல் கைக்கு வந்த அன்றே சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பேக் கெடுவது அங்கேதான் தொடங்குகிறது. செல்லைச் சோதித்துச் சமப்படுத்த ஒரு வாரத்துக்கு மேலேயே போகும். கட்டுவதற்கு ஒரு பிற்பகல் போதும். அதனால் இங்கே கொடுத்திருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

12 வோல்ட் அளவில் இருக்கும் சின்ன பேக்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்தடி மெஷின், எமர்ஜென்சி விளக்கு, ரப்பர் வெட்டப் போகிறவர்களின் தலை லைட், சின்ன சோலார் விளக்கு எல்லாம் இதில் அடங்கும். மின்சார ஸ்கூட்டரின் 48, 60 வோல்ட் பேக்கை வீட்டில் திறக்க வேண்டாம். அதில் ஷார்ட் ஆனால் கை எடுக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

உப்பிய செல், இனிப்பு வாடை அல்லது பெயின்ட் வாடை அடிக்கும் செல், நசுங்கிய செல் எதையும் சோதிக்கவே வேண்டாம், நேராகக் கழித்துவிடுங்கள். 1.5 வோல்ட்டுக்குக் கீழே போய் நாட்கணக்கில் கிடந்த செல்லும் அதே கணக்குதான். அவ்வளவு கீழே இறங்கும்போது உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் செய்தால் கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். வெளியில் பார்த்தால் ‘சார்ஜ் ஏறிவிட்டது’ என்றுதான் தெரியும்.

2. எந்த வகை செல்

சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். சாதாரண லித்தியம் அயன் செல்லின் பெயரளவு 3.6 அல்லது 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் (இனி எல்.எஃப்.பி) பெயரளவு 3.2 வோல்ட், நிறைந்தால் 3.65 வோல்ட். வீட்டில் முதன்முதலாகக் கட்டுகிறவர் எல்.எஃப்.பி-தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூட்டை அதிகம் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, நான்கை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட் வரும். அது 12 வோல்ட் மெஷினுக்கு நன்றாகப் பொருந்தும்.

அளவு 32700 என்று கேட்டு வாங்குங்கள். 32 மி.மீ விட்டம், 70 மி.மீ நீளம், வழக்கமாக 6 ஏ.எச். எடை ஏறக்குறைய 140 கிராம். கையில் தூக்கிப் பார்த்து மிகவும் லேசாக இருந்தால் வாங்காதீர்கள். சின்ன 18650 செல்லில் ‘9900’ என்று அச்சடித்து விற்பதை நம்பவே வேண்டாம். அந்த அளவு செல்லில் கடைகளில் கிடைக்கும் நல்ல சரக்கே 3500 மில்லி ஏ.எச் அளவில்தான் இருக்கும். ஐ.எஸ் 16046 தரக்குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு செல்லையும் ஒரே கடையில், ஒரே பேட்சில், ஒரே நாளில் வாங்குங்கள். ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கினால் இன்னும் நல்லது. சோதனையில் ஒன்று தேறாமல் போனால் மாற்று கையில் இருக்கும்.

கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஒரு வரிசைக்கு நான்கு செல் என்றால் 12.8 வோல்ட் × 6 ஏ.எச் = 76.8 வாட் அவர். மெஷின் 3 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். பெரிய விளை (தோட்டம்) வைத்திருப்பவர்கள் எட்டு செல் வாங்கி, இரண்டிரண்டாகச் சேர்த்து 12 ஏ.எச் ஆக்கிக்கொள்ளலாம். வீட்டில் 5 வாட் விளக்கும் 10 வாட் ரூட்டரும் போட்டால் நான்கு செல் பேக் ஐந்து மணி நேரம் வரை தாங்கும். ரூட்டரை நேரடியாக மாட்டாதீர்கள். நிறைந்த பேக்கில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நடுவில் 12 வோல்ட் கொடுக்கும் கன்வர்ட்டர் ஒன்று வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்டு இல்லாமல் இருந்ததை நினைத்தால், எட்டு செல்லுக்குப் போகும் கூடுதல் பணம் பெரிதாகத் தெரியாது.

3. கட்டத் தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், செல் கெபாசிட்டி டெஸ்டர், வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாக நிறுத்தக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். செல்லின் உள்தடையை மில்லி ஓமில் காட்டும் ஐ.ஆர் மீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும்.

கட்டுவதற்கு: 4 செல்லுக்கான எல்.எஃப்.பி பி.எம்.எஸ் (ஒவ்வொரு செல்லையும் கவனித்து, அளவு மீறினால் பேக்கை நிறுத்தும் பாதுகாப்பு போர்டு; 15 அல்லது 20 ஆம்பியர்), செல் ஹோல்டர், பார்லி பேப்பர் (மின்சாரம் கடத்தாத தடித்த காகிதம்), காப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்), 2.5 சதுர மி.மீ செம்பு ஒயர், 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் அதன் ஹோல்டரும், 14.6 வோல்ட் 2 ஆம்பியர் எல்.எஃப்.பி சார்ஜர், பேக்கை மூட அகலமான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஃபியூஸை வண்டி உதிரிபாகக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

பி.எம்.எஸ் வாங்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். சாதாரண லித்தியம் அயனுக்கான 4 செல் பி.எம்.எஸ்ஸும் எல்.எஃப்.பி-க்கானதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது ஒவ்வொரு செல்லையும் 4.2 வோல்ட் தாண்டும்வரை விட்டுவிடும், எல்.எஃப்.பி செல்லுக்கு அது மிகவும் அதிகம். போர்டில் அல்லது விற்பவர் தரும் விவரத்தில் 12.8 வோல்ட், எல்.எஃப்.பி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஸ்பாட் வெல்டரை முதல் பேக்குக்கே வாங்க வேண்டாம். 32700 செல்லில் ஸ்குரூ வைத்ததும், நிக்கல் காது முன்பே ஒட்டி வந்ததும் கிடைக்கிறது. அதில் ஒன்றை வாங்கினால் வெல்டிங் வேலையே இல்லை.

4. வேலை செய்யும் இடம்

காய்ந்த மர மேசை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், திறந்த ஜன்னல். கையில் மோதிரமும் வளையலும் இரும்புச் செயின் கடிகாரமும் இருக்கக்கூடாது. இரண்டு முனைக்கு நடுவே ஒரு மோதிரம் பட்டால் ஒரு நொடியில் பழுத்துவிடும். ஸ்பானர், ஸ்குரூ டிரைவரின் கம்பிப் பகுதியில் டேப் சுற்றுங்கள், நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையிலோ, கொப்பரையும் கதம்பையும் கிடக்கும் கொட்டகையிலோ, ஓலைக் கூரைக்குக் கீழேயோ சார்ஜ் போடாதீர்கள். சிமென்ட் தரையில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போடுங்கள். செல்லிலிருந்து புகை வந்தால் முதலில் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். சூடு அடங்கினால்தான் பக்கத்துச் செல்லுக்குப் பரவாது. அந்தப் புகை நச்சு, சுவாசிக்கக்கூடாது.

மல்டிமீட்டரில் ஒரு எச்சரிக்கை. ஆம்பியர் அளந்துவிட்டு, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்படி வைத்தால் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் இணைத்ததற்குச் சமம். ஆம்பியர் அளந்து முடிந்த கையோடு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

5. செல்லைச் சோதிப்பது

ஒவ்வொரு செல்லுக்கும் மார்க்கரால் எண் போடுங்கள். நோட்டில் எண், வந்த அன்றைய வோல்ட், தேதி எழுதுங்கள். புது எல்.எஃப்.பி செல் 3.2 முதல் 3.3 வோல்ட்டில் வரும். ஒன்று மட்டும் 2.8 என்று காட்டினால் அதைத் தனியாக வையுங்கள்.

அடுத்தது கெபாசிட்டி. செல்லை 3.65 வோல்ட் வரை நிறைத்து, 1 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்கி, எத்தனை ஏ.எச் வந்தது என்று டெஸ்டரில் பாருங்கள். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். இந்த இடத்தில் ஒரு பொதுவான தவறு: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டி.பி 4056 சார்ஜர் மாட்யூலை எல்.எஃப்.பி செல்லுக்கு மாட்டுவது. அது 4.2 வோல்ட் வரை ஏற்றும். எல்.எஃப்.பி-க்கு ஆகாது.

நான்கின் கெபாசிட்டியும் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குள் இருந்தால் அருமை. 5.9, 5.95, 5.9, 5.4 என்று வந்தால் கடைசிச் செல்லை மாற்றுங்கள். வரிசையாக இணைத்த பேக்கில் சிறிய செல்தான் முதலில் காலியாகும், அப்போது பி.எம்.எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும். மற்ற மூன்றில் மிச்சம் இருப்பது பயன்படாது.

தானாக இறங்கும் செல்லைப் பிடிக்க, நிறைத்த செல்லை ஒரு நாள் ஓய்வில் விட்டு வோல்ட் எழுதி, இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். நேரம் இல்லாதவர்கள் ஒரு வாரமாவது விடுங்கள். மற்றதைவிடத் தெளிவாகக் கீழே இறங்கிய செல்லைப் பேக்கில் சேர்க்காதீர்கள்.

6. நான்கையும் சமப்படுத்துவது

இந்த வழிகாட்டியிலேயே எனக்கு முக்கியமானது இந்தப் பகுதி. வேலையில் அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

எல்.எஃப்.பி செல்லின் வோல்ட் பெரும்பகுதி நேரம் அசையவே அசையாது. கால் பங்கு இருந்தாலும் முக்கால் பங்கு இருந்தாலும் 3.2-க்கும் 3.3-க்கும் நடுவில்தான் காட்டும். அதனால் ‘நான்கும் 3.29 காட்டுகிறது, சமமாக இருக்கிறது’ என்று முடிவு செய்யக்கூடாது. ஒன்றில் 2 ஏ.எச் இருக்கலாம், இன்னொன்றில் 4 ஏ.எச் இருக்கலாம். இப்படியே கட்டினால் சார்ஜ் போடும்போது ஒரு செல் முதலில் நிறைந்து 3.65-ஐத் தாண்டும், பி.எம்.எஸ் அங்கேயே சார்ஜை நிறுத்தும், மற்ற மூன்றும் அரைகுறையாக நிற்கும். புது பேக் அரை மணி நேரம்தான் ஓடுகிறது என்று வருகிறவர்களின் பேக்கில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

பி.எம்.எஸ் சமப்படுத்தாதா என்று கேட்பார்கள். செய்யும், ஆனால் அதன் பலம் சில பத்து மில்லி ஆம்பியர்தான். அதுவும் செல் ஏறக்குறைய நிறைந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். 2 ஏ.எச் வித்தியாசத்தை அது சரிசெய்யப் பல நாள் ஆகும். சின்ன வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் அது இருக்கிறது.

செய்யும் முறை இப்படி. முதலில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக நிறையுங்கள். ஒரு மணி நேரம் விட்டு அளந்து, நான்கும் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்கவாட்டில் இணையுங்கள். அதிக வித்தியாசத்தோடு இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரிய மின்னோட்டம் பாயும். அதற்குத்தான் முதலில் தனித்தனியாக நிறைப்பது.

அப்புறம் பவர் சப்ளையை எதிலும் மாட்டாமல் 3.60 வோல்ட்டில் நிறுத்துங்கள். அந்த அளவை மல்டிமீட்டரால் ஒருமுறை சரிபாருங்கள், மலிவான சப்ளைகளின் திரையை நம்ப முடியாது. ஆம்பியரை 2 அல்லது 3-இல் வையுங்கள். இப்போது செல்களில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு வோல்ட் திருகைத் தொடக்கூடாது. அப்போது திரை செல்லின் வோல்ட்டைத்தான் காட்டும். ‘3.4 தானே காட்டுகிறது’ என்று திருகை ஏற்றினால், செல் நிறையும் நேரத்தில் 4 வோல்ட்டைத் தாண்டிப் போய்விடும்.

மின்னோட்டம் 0.2 ஆம்பியருக்குக் கீழே இறங்கியதும் சப்ளையைக் கழற்றுங்கள். சில மணி நேரத்தில் செல்கள் 3.35 முதல் 3.4 வோல்ட்டில் வந்து நிற்கும். இது இயல்பு. நான்கும் இப்போது ஒரே புள்ளியில் நிறைந்திருக்கின்றன.

7. அடுக்கி இணைப்பது

செல்லின் வெளித் தகடு முழுவதும் மைனஸ். பிளஸ் முனையின் விளிம்பு வரை அது ஏறி வந்திருக்கும். நடுவில் இருப்பது சின்ன பிளாஸ்டிக் வளையமும் மெல்லிய உறையும்தான். அதனால் ஒவ்வொரு பிளஸ் முனையிலும் பார்லி பேப்பர் வளையம் ஒட்டுங்கள். பட்டை விளிம்பில் உரசி உறை கிழிந்தால், அந்தச் செல் தனக்குள்ளேயே ஷார்ட் ஆகும், அதைத் தடுக்க ஃபியூஸும் பி.எம்.எஸ்ஸும் உதவாது. பிளஸ் பக்கத்தில் இருக்கும் வாயு வெளியேறும் துளைகளைப் பசையாலோ சிலிக்கானாலோ மூடாதீர்கள்.

சமப்படுத்தப் போட்ட பக்கவாட்டு இணைப்புகளை எல்லாம் பிரித்துவிட்டு, செல்களை ஹோல்டரில் பிளஸ் மேலே, அடுத்தது பிளஸ் கீழே என்று மாற்றி மாற்றி வையுங்கள். எந்த இணைப்பும் போடுவதற்கு முன் காகிதத்தில் படம் வரைந்து, முதல் செல்லின் மைனஸிலிருந்து நான்காம் செல்லின் பிளஸ் வரை விரலால் தொட்டுப் போய்ப் பாருங்கள். பேக்கைத் திருப்பிப் பார்க்கும்போது இடமும் வலமும் மாறிவிடும். தலைகீழாக இணைப்பது அப்போதுதான் நடக்கும்.

ஸ்குரூ செல் என்றால் செம்புப் பட்டை வைத்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு, அளவாக இறுக்குங்கள். மெஷின் முதுகில் அதிர்ந்துகொண்டே இருக்கும், வாஷர் இல்லாவிட்டால் தளர்ந்துபோகும். நிக்கல் காது செல் என்றால் காதின் நுனியில், செல்லிலிருந்து தள்ளி, சீக்கிரம் சால்டர் செய்து முடியுங்கள். செல்லின் உடம்பில் நேரடியாகச் சால்டர் வைக்கக்கூடாது. சால்டர் நுனி 350 டிகிரி இருக்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு 130 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும்.

ஸ்பாட் வெல்டிங் செய்கிறவர்களுக்கு: 0.15 மி.மீ தடிமன், 8 மி.மீ அகல நிக்கல் பட்டைக்கு 5 ஆம்பியருக்கு மேல் கொடுக்காதீர்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு. பட்டை சுத்த நிக்கல்தானா என்று காந்தம் சொல்லாது, நிக்கலையும் காந்தம் இழுக்கும். அரத்தால் மேல்பூச்சைக் கீறி, உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். கீறிய இடம் துரு பிடித்தால் அது நிக்கல் பூசிய இரும்பு. குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. இரும்புப் பட்டை அந்தக் காற்றில் தாங்காது.

8. பி.எம்.எஸ் மாட்டுவது

இங்கே வரிசை தவறினால் போர்டு எரியும். முதலில் ‘B-’ (பேட்டரி மைனஸ்) என்று குறித்த தடித்த ஒயரை முதல் செல்லின் மைனஸில் இணையுங்கள். மற்ற அளவுகளை எல்லாம் போர்டு இந்தப் புள்ளியிலிருந்துதான் பார்க்கும்.

அடுத்து மெல்லிய ஐந்து ஒயர்கள். இவற்றின் பிளக் போர்டில் மாட்டப்படாமல் வெளியே தொங்க வேண்டும். கறுப்பு ஒயர் முதல் செல்லின் மைனஸுக்கு, அடுத்தது முதல் செல்லின் பிளஸ்ஸுக்கு, அதற்கடுத்தது இரண்டாம் செல்லின் பிளஸ்ஸுக்கு என்று ஏறுவரிசையில் போடுங்கள். போர்டுக்குப் போர்டு நிறம் மாறும், போர்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்தே செய்யுங்கள்.

பிளக்கைச் சொருகுவதற்கு முன் அளவெடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயர் துளையில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு துளையாகத் தொடுங்கள். 3.3, 6.6, 9.9, 13.2 என்று சமமாக ஏற வேண்டும். நடுவில் ஒன்று குதித்தாலோ, மைனஸ் காட்டினாலோ ஒயர் மாறியிருக்கிறது. சரிசெய்து மறுபடி அளந்த பிறகே சொருகுங்கள்.

சொருகிய பிறகு பேக்கின் பிளஸ்ஸுக்கும் ‘P-’ அதாவது ‘பேக் மைனஸ்’ என்ற வெளிப்புற முனைக்கும் நடுவே 13 வோல்ட் வருகிறதா பாருங்கள். பூஜ்யம் காட்டினால் பயப்பட வேண்டாம். பல போர்டுகள் சார்ஜரை ஒருமுறை மாட்டி எடுத்தால்தான் விழிக்கும்.

மெஷினின் மைனஸும் சார்ஜரின் மைனஸும் இந்த வெளிப்புற முனையில்தான் போக வேண்டும். பி.எம்.எஸ் அடிக்கடி நிறுத்துகிறது என்று எரிச்சலில் ஒயரை நேராகப் பேட்டரி மைனஸில் மாட்டிவிடும் வழக்கத்தை நிறையப் பார்க்கிறேன். மெஷின் ஓடும்தான். ஆனால் அப்போது பேக்குக்குப் பாதுகாப்பே கிடையாது. நிறுத்துவதற்குக் காரணம் ஒரு செல்லில் இருக்கும், அதைத் தேடுங்கள்.

9. ஃபியூஸ், சார்ஜர், முதல் சார்ஜ்

ஃபியூஸை பேக்கின் பிளஸ் முனையை ஒட்டியே போடுங்கள். ஒயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். பி.எம்.எஸ் இருக்கும்போது ஃபியூஸ் எதற்கு என்றால், பி.எம்.எஸ்ஸில் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும் நிலையில் நின்றுவிடும். அது வெட்டாது, ஃபியூஸ்தான் வெட்டும்.

மெஷினோடு வந்த பழைய சார்ஜரை ஒதுக்குங்கள். அது லெட் ஆசிட்டுக்கானது. சில சார்ஜர்கள் நிறைந்த பிறகும் விடாமல் ஏற்றிக்கொண்டிருக்கும். 14.6 வோல்ட் எல்.எஃப்.பி சார்ஜர் மட்டுமே. முதல் சார்ஜில் பக்கத்திலேயே இருந்து, கடைசி அரை மணி நேரத்தில் நான்கு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒன்று 3.65-ஐத் தொடும்போது இன்னொன்று 3.4-இல் நின்றால் 6-ஆம் பகுதிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வெயிலில் நின்ற மெஷினைக் கொண்டுவந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும்.

10. மெஷினில் வைத்துச் சோதனை

பேக்கைக் கடைசியாக மூடுவதற்கு முன் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓடும்போதே நான்கு செல்லையும் அளங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இணைப்புகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு இணைப்பு மட்டும் சுட்டால் அது தளர்வு, மறுபடி இறுக்குங்கள் அல்லது சால்டர் செய்யுங்கள். மெஷின் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் இப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் இருக்கும் பேட்டரி அளவு விளக்கை இனி நம்ப முடியாது. அது லெட் ஆசிட்டுக்குக் கணக்கிட்டது. எல்.எஃப்.பி கடைசி வரை ‘நிறைவு’ என்றே காட்டி, பிறகு சட்டென்று நிற்கும். மருந்தடிக்கும் ஆளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், புதுப் பேக் ஒரு கிலோகூட வராது. பெட்டியில் இடம் மிஞ்சும். அந்த இடத்தை ஃபோம் வைத்து நிரப்புங்கள், ஆடினால் ஒயர் அறுந்துவிடும்.

11. உப்புக்காற்றும் ஈரமும்

நம் மாவட்டத்தில் ஜூனிலிருந்து ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொரு மழை, மூன்று பக்கமும் கடற்காற்று. பி.எம்.எஸ் போர்டில் உப்பும் ஈரமும் படிந்தால் மெல்லிய ஒயர்களின் முனைகளுக்கு நடுவே சின்னக் கசிவு உண்டாகும். அது ஒரு செல்லை மட்டும் மெல்ல மெல்ல இறக்கும். செல் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள், புதுச் செல்லும் அதேபோல இறங்கும்.

போர்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, பிளக் துளைகளில் டேப் ஒட்டிவிட்டு, போர்டுக்கான அக்ரிலிக் லாக்கர் அடியுங்கள். ஒயர் வெளியே வரும் இடத்தில் சிலிக்கான் வைப்பதென்றால் வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள். அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். செல்லை வெறும் ஈரக் கையால் தொட்டு வேலை செய்வதும் வேண்டாம், வியர்வையிலும் உப்புதான்.

வள்ளத்தில் கடலுக்குக் கொண்டுபோகும் விளக்குக்கு வீட்டில் கட்டிய பேக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலைத் தண்ணீர் புகாமல் மூடும் வேலை வீட்டு மேசையில் நடக்காது. கரையிலிருந்து தள்ளி, இருட்டில் விளக்கு நின்றுபோவது வேறு விதமான ஆபத்து. அதற்கு முழுக்க மூடிய பேட்டரியை விலைக்கு வாங்குங்கள்.

12. பழுது பார்ப்பது

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் வெளியே பாருங்கள். ரப்பர் வெட்டுக்காரர்களின் தலை லைட்டில் சார்ஜ் துளை துருப்பிடித்திருக்கும், சுவிட்ச் ஈரம் குடித்திருக்கும், தலைப்பட்டை மடங்கும் இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். இவற்றைச் சரிபார்த்த பிறகே செல்லைத் தொடுங்கள்.

நம் 12 வோல்ட் பேக்கில் வெளியே பூஜ்யம் காட்டினால், முதலில் ஃபியூஸ். அடுத்து செல்களின் இரு கோடியிலும் நேராக அளந்து பாருங்கள். அங்கே வோல்ட் இருந்து வெளியே இல்லை என்றால் பி.எம்.எஸ் நிறுத்தியிருக்கிறது. சார்ஜரை மாட்டுங்கள். விழித்துக்கொண்டால் வெறும் காலியான பேக்தான். விழிக்காவிட்டால் ஒவ்வொரு செல்லாக அளங்கள்.

மூன்று 3.3, ஒன்று 2.4 என்று இருந்தால் அந்த ஒன்றை மட்டும் பவர் சப்ளையில் 0.5 ஆம்பியரில் 3.6 வோல்ட் வரை நிறைத்து, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். நின்றால் சமன் தவறியதுதான் கோளாறு. மறுபடி இறங்கினால் பி.எம்.எஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு வாரம் பாருங்கள். அப்போது இறங்காமல் நின்றால் கசிவு போர்டில், அப்போதும் இறங்கினால் கோளாறு செல்லில். இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் செல் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

செல்லை மாற்றத்தான் வேண்டும் என்றால், மிச்சம் இருக்கும் மூன்றின் இப்போதைய கெபாசிட்டியை அளந்து, அதற்கு ஒத்த செல்லைத் தேடுங்கள். மூன்று வருஷம் ஓடிய பேக்கில் புதுச் செல் ஒன்றைச் சேர்த்தால், அந்தப் பேக் சீக்கிரமே மறுபடி பழுதுக்கு வரும். மூன்றும் 5 ஏ.எச்-க்குக் கீழே போயிருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள். பி.எம்.எஸ்ஸும் ஒயரும் மறுபடி உதவும்.

சோலார் விளக்குகளைப் பழுது பார்க்கும்போது உள்ளே இருந்தது 3.2 வோல்ட் செல்லா, 3.7 வோல்ட் செல்லா என்று பாருங்கள். 3.7 இருந்த இடத்தில் 3.2 வோல்ட் செல்லைப் போட்டால் சார்ஜர் 4.2 வரை ஏற்றிச் செல்லைக் கெடுக்கும். 3.2 இருந்த இடத்தில் 3.7 வோல்ட் செல்லைப் போட்டால் அளவுக்கு மீறி ஏறாது, ஆனால் செல் நிறையாது.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்களை முதுகில் சுமக்கும் மெஷினில் வைக்காதீர்கள். சோதித்துப் பழக அவை நல்லவை, அதோடு விட்டுவிடுங்கள்.

13. கழித்த செல்லை என்ன செய்வது

உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் அடங்கிவிடும் என்று சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முனை அரித்து, மூடி திறந்து, உள்ளே இருப்பது வெளியே கசியும். நல்ல நிலையில் இருக்கும் பழைய செல்லைச் சின்ன பல்பில் மாட்டிக் காலி செய்யுங்கள். உப்பிய செல்லை அதுவும் செய்யாமல் அப்படியே விடுங்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மூடாத மண் தொட்டியிலோ மணல் போட்ட டப்பாவிலோ, வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள்.

பழைய சாமான் வாங்கும் ஆக்கர் வியாபாரியிடம் மற்ற இரும்போடு போடக்கூடாது. மூட்டைக்குள் நசுங்கி லாரியிலேயே தீப்பிடிக்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. புது செல் வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள், இல்லையென்றால் பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். பழைய லெட் ஆசிட் பேட்டரியை எந்த பேட்டரிக் கடையும் எடை போட்டு எடுத்துக்கொள்ளும், அந்தப் பணத்தில் ஃபியூஸும் ஹோல்டரும் வாங்கிவிடலாம்.